மூணு பிரேமும் ரெண்டு அகல் விளக்கும்

ஒரு பழைய வீடியோ கேமைத் தனியாக உட்கார்ந்து பழகும் இந்த வேலையை ஐப்பசி மழை பிடித்த முதல் வாரத்தில்தான் தொடங்கினேன். தொடங்கி ஐந்து நிமிடத்தில் அடாப்டரைக் கொன்றேன். ‘டப்’ என்று சின்னச் சத்தம், பிறகு அந்த வாடை. மொபைல் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு அந்த வாடையைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 120 வோல்ட் என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது. நம் சுவரில் வருவது 230. தினமும் நாலு பேருக்கு “சார்ஜரைப் பார்த்துப் போடுங்க” என்று சொல்கிறவன் செய்த காரியம் இது.

பொருள் என்னுடையது இல்லை. சித்தப்பா மகன் அமெரிக்காவில் சில வருடம் இருந்துவிட்டுக் கோவைக்குத் திரும்பியபோது, “உனக்குத்தான் இந்த ஆசையெல்லாம்” என்று ஒரு அட்டைப் பெட்டியைக் கொடுத்தான். உள்ளே நின்டெண்டோ வீ என்ற டிவி கேம் இயந்திரம் ஒன்று, அதற்கு முந்திய கேம்கியூப் இயந்திரத்தின் பழைய கன்ட்ரோலர் இரண்டு, ஒரு சின்ன கேம்கியூப் டிஸ்க். டிஸ்க்தான் விஷயம்: சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ. 2001-இல் வந்த ஆட்டம். எதிராளியின் உயிர்க்கோடு குறைகிற வழக்கமான சண்டை ஆட்டம் இல்லை இது. அடிக்க அடிக்க அவன் சதவீதம் ஏறும், ஏற ஏற லேசாக அடித்தாலும் தூரப் பறப்பான், மேடைக்கு வெளியே போய் விழுந்தால் ஒரு உயிர் போச்சு. சின்னப் பிள்ளை ஆட்டம் போல இருக்கும். ஆனால் உள்ளே இருக்கிற கை வேலையை இன்றும் உலகம் முழுக்க உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறார்கள். வீடியோக்களைப் பல வருடமாகப் பார்த்து வாய் பிளந்தவன் நான். தொட்டது இப்போதுதான்.

கோத்தகிரியைச் சுற்றி இதை ஆடுகிற இன்னொரு ஆள் எனக்குத் தெரியாது. நெட்டில் ஆட வழி இருக்கிறது. 2020-இல் ஸ்லிப்பி என்ற மென்பொருளில் நெட் ஆட்டம் வந்த பிறகு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்தே அடுத்த ஊர்க்காரனோடு மோதுகிறார்கள். என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை. நாங்கள் இருக்கும் தோட்டத்து லைன் வீடுகளில் சிக்னல் ஒரு கோடு, மேகம் இறங்கினால் அதுவும் இல்லை. ஆகவே தனியாள் பயிற்சிதான். பழகுவதை விட, என் தப்பை எனக்கு யார் சொல்வது என்பதே இந்த மூன்று மாதமும் என்னைப் படுத்திய கேள்வி.

முதலில் கரண்ட். செத்த அடாப்டரின் கீழ்ப்பக்கம் 12 வோல்ட், 3.7 ஆம்பியர் என்று இருந்தது. சிசிடிவி கேமரா மாட்டுகிறவர்களிடம் 12 வோல்ட் 5 ஆம்பியர் சப்ளை சாதாரணமாகக் கிடைக்கும். வோல்ட் ஒத்துப்போனால் போதும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை, இயந்திரம் தனக்கு வேண்டியதைத்தான் இழுத்துக்கொள்ளும். சிக்கல் முனையில். வீயின் பிளக் முனை வேறு எதோடும் பொருந்தாத சொந்த வடிவம். செத்த அடாப்டரின் ஒயரை வெட்டி, அந்த முனையைப் புதுச் சப்ளையில் சேர்க்க வேண்டியதாயிற்று. எது ப்ளஸ், எது மைனஸ்? நிறத்தை நம்பாதீர்கள். கரண்ட் கொடுக்காமல் முனையை மட்டும் வீயில் செருகி, மல்டிமீட்டரைத் தொடர்பு பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முள்ளை ஏவி ஒயரின் மஞ்சள் முனையின் வெளி வளையத்தில் வைத்தேன். வெட்டிய இரண்டு கம்பியில் எதைத் தொட்டால் பீப் வருகிறதோ அது மைனஸ். பற்றவைத்து, மேலே சுருங்கும் குழாய் போட்டு, பச்சை விளக்கு எரிந்தபோது மணி இரவு பதினொன்று.

அடுத்தது டிவி. வீட்டில் 32 அங்குல எல்இடி இருக்கிறது. அதில் போட்டால் படம் பளிச்சென்று வந்தது. ஆனால் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் ஆள் அசைவதற்கும் நடுவில் ஏதோ ஒரு கொழகொழப்பு. புது டிவிகள் வருகிற படத்தை உள்ளே வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி அப்புறம்தான் காட்டும். சீரியல் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. மெலீ வினாடிக்கு 60 பிரேம், அதாவது 60 தனித்தனிப் படம், ஓடுகிறது, ஒரு பிரேம் சுமார் 16.7 மில்லி விநாடி. இதில் வித்தை எல்லாம் மூன்று பிரேம், நாலு பிரேம் கணக்கு. டிவி நாலு பிரேம் பிந்திக் காட்டினால் நான் எதைப் பழகுவது?

அம்மாவின் பரண் கை கொடுத்தது. 2006-இல் தொடங்கிய திட்டத்தில் அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த 14 அங்குல கலர் டிவி, பழைய சேலை சுற்றி அங்கே உட்கார்ந்திருந்தது. பொட்டி டிவி வருகிற சிக்னலை அப்படியே திரையில் எழுதிவிடும், யோசிக்காது. இந்த ஆட்டத்துக்காரர்கள் வெளிநாடுகளில் இப்படிப்பட்ட பொட்டி டிவிகளைத் தேடித்தேடி வாங்குகிறார்கள் என்று சொன்னால் எங்கள் லைனில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பாதிப் பேர் இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள்.

போட்டதும் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. படக்குழாய் போய்விட்டதோ என்று பயந்தேன். அப்படி இல்லை. அமெரிக்க இயந்திரம் என்டிஎஸ்சி முறையில் கலர் அனுப்புகிறது, நம் டிவி நம் ஊர் பால் (PAL) முறைக்குப் பூட்டி வைத்திருந்தது. மெனுவில் கலர் சிஸ்டம் என்ற இடத்தில் ஆட்டோ வைத்ததும் மரியோ சிவப்பானான். ரிமோட் இல்லாதவர்கள் முன்பக்கத்து மெனு பட்டனிலேயே மாற்றலாம். டிவியை மட்டும் திறக்காதீர்கள், கரண்டை எடுத்த பிறகும் உள்ளே உயர் அழுத்தம் தங்கி நிற்கும்.

இன்னும் ஒரு தடை. டிஸ்கைத் துவக்க வீ ரிமோட்டைத் திரையை நோக்கிக் காட்டி அழுத்த வேண்டும். ரிமோட் இருந்தது, ஆனால் டிவிக்கு மேல் வைக்கும் சென்சார் பார் பெட்டியில் இல்லை. பேர்தான் சென்சார். உண்மையில் அது இரண்டு முனையிலும் அகச்சிவப்பு விளக்கு எரியும் குச்சி, அவ்வளவுதான். பார்க்கிற கண் ரிமோட்டில் இருக்கிறது. நெருப்பும் அகச்சிவப்பைக் கக்கும். டிவிக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில் கார்த்திகைக்கு வாங்கிய இரண்டு அகல் விளக்கை ஏற்றி வைத்தேன். திரையில் கை வந்து நின்றது.

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். “டிவிக்கு வெளக்கு வச்சு கும்பிடுற அளவுக்கு வந்துட்டியாடா?”

இனி ஆட்டம். அதற்கு முன் ஒன்று. கேம்கியூப் டிஸ்கின் சேமிப்பு வீயின் உள்ளே பதியாது, அதற்குத் தனி மெமரி கார்டு வேண்டும். என்னிடம் இல்லை. ஆடி ஆடிப் புதிதாகத் திறந்து வைத்த ஆட்கள் எல்லாம் கரண்ட் போனால் போச்சு. கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போகாத நாள் எது? சில்வர் ஓக் கிளை ஒன்று ஒயர் மேல் விழுந்தால் ஒரு நாள் முழுக்கக் கணக்கு. எனவே ஆரம்பத்திலேயே இருக்கும் 14 பேரோடு குடும்பம் நடத்துவது என்று முடிவு.

இந்தக் கட்டாயம்தான் ஒரு நல்ல வழியையும் காட்டியது. எல்லாரும் முதலில் பழகுவது ஷார்ட் ஹாப், அதாவது பாதித் தாவல். குதிக்கும் பட்டனை அழுத்தியதும் ஆள் உடனே கிளம்ப மாட்டான், முட்டியை மடக்கி ஒரு கணம் குனிவான். அந்தக் குனிவு முடிவதற்குள் பட்டனை விட்டுவிட்டால் பாதித் தாவல், பிடித்துக்கொண்டிருந்தால் முழுத் தாவல். குனிவின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். நரி ஃபாக்ஸுக்கு 3 பிரேம், சுமார் 50 மில்லி விநாடி. நான் முதல் நாளே ஃபாக்ஸை எடுத்தேன், எல்லாரும் அவனைத்தான் எடுப்பார்கள். ஐம்பது தடவையில் ஆறு. மறுநாள் ஐம்பதில் ஐந்து. இது பழக்கம் இல்லை, லாட்டரி.

பிறகுதான் தோன்றியது, என்னிடம் இருக்கும் 14 பேரே ஒரு ஏணி என்று. ஆமை அரக்கன் பவுசருக்குக் குனிவு 8 பிரேம். லிங்குக்கு 6. பீச்சுக்கு 5. கேப்டன் ஃபால்கனுக்கு 4. ஃபாக்ஸுக்கு 3. பவுசரில் தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்கலாம். பவுசரை வைத்து ஆடுகிறவர்கள் குறைவு, அவன் பாதித் தாவலால் பெரிய பிரயோஜனமும் இல்லை. ஆனால் எனக்கு வேண்டியது அவன் சண்டை இல்லை, அவன் சோம்பல்.

எண்ணுவதற்கு அடுக்களையிலிருந்து இருபது அவரை விதை. சரியாக வந்தால் ஒரு விதை வலப்பக்கம் போகும். ஒரு தடவை தவறினால் எல்லாம் திரும்ப இடப்பக்கம். இருபதும் வலப்பக்கம் போனால் அடுத்த ஆள். பவுசர் ஒரே மாலையில் முடிந்தான். லிங்குக்கு இரண்டு நாள். பீச்சில் நான்கு நாள் மாட்டிக்கொண்டேன். அதுவரை பட்டனை ‘அழுத்தி, எடுத்து’ வந்திருக்கிறேன். ஐந்து பிரேமுக்குள் இரண்டு வேலை செய்ய விரலுக்கு நேரமில்லை. கோலி சுண்டுகிற மாதிரி கட்டைவிரலைப் பட்டன் மேல் வழுக்கி அப்படியே வெளியே ஓடவிட்டால் அழுத்துவதும் விடுவதும் ஒரே அசைவாகிவிடுகிறது. விரல் பட்டனைப் பார்த்துவிட்டுப் போகிறது, தங்குவதில்லை. அந்த இரவே பீச் முடிந்தாள். ஃபால்கன் மூன்று நாள். ஃபாக்ஸுக்குத் திரும்பியபோது ஐம்பதில் இருபத்தெட்டு.

கார்த்திகையில் வேவ்டேஷ். குதித்து, தரையை விட்டுக் கிளம்பிய அந்த முதல் பிரேமிலேயே கீழ்ச்சாய்வாகக் கன்ட்ரோலர் குச்சியைத் தள்ளி, தோள்பக்கத்து எல் பட்டனைச் சொடுக்கினால் காற்றில் விலகும் அசைவு தரையில் மோதி, ஆள் நின்ற வாக்கிலேயே சறுக்குவான். சறுக்கிய பின் 10 பிரேம் சும்மா நிற்க வேண்டும், அதற்குப் பிறகு எது வேண்டுமானாலும் செய்யலாம். சாய்வு படுக்கைவாட்டில் இருந்தால் சறுக்கல் நீளம், செங்குத்தாக இருந்தால் குட்டை. கன்ட்ரோலரின் குச்சியைச் சுற்றி எட்டு மூலை இருக்கிறது, கீழ்ச்சாய்வு மூலையில் வைத்தால் 45 டிகிரி. பழகுவதற்கு அதுவே போதும்.

இதில் தப்பு இரண்டு விதம், திரையைப் பார்த்தால் பிரித்துவிடலாம். எல் முந்தினால், அதாவது குனிவிலேயே அழுத்திவிட்டால், அது கணக்கில் வராது. ஆள் சாதாரணமாகக் குதித்துவிடுவான். எல் பிந்தினால் தரைக்கு மேலே ஒரு சின்னத் தத்தல் தெரியும், பிறகு வழுக்கும். நான் பெரும்பாலும் முந்துகிறேன் என்று தெரிந்தது. எவ்வளவு முந்துகிறேன் என்பதுதான் தெரியவில்லை. பிடித்துச் சொல்ல ஆள் இல்லையே.

ஆள் இருந்தார், சுவருக்கு அந்தப் பக்கம். எங்கள் தோட்டம், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களை வைத்து அரசு போட்டது. தாத்தா காலத்தில் வந்த லைன் வீடு, இரண்டு அறைக்கு நடுவில் ஒரு சுவர், அது சத்தத்தைத் தடுத்ததாக வரலாறு இல்லை. அப்பா மாரியம்மன் திருவிழாவுக்கு இரண்டு குச்சியால் தப்புப் பறை அடிப்பவர். மூன்று நாளாகக் கட்டிலில் படுத்தபடி என் பட்டன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாலாம் நாள் உள்ளேயிருந்து குரல்:

“ரெண்டாவது அடி முந்துதுடா.”

“என்னப்பா?”

“டிக்-டக்னு போடுற இல்ல. டிக் ஒழுங்காதான் விழுது. டக் அவசரப்படுது. சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் ஒட்டி விழணும், ஒண்ணா விழக்கூடாது.”

திரையை அவர் பார்க்கவே இல்லை. நான் அதுவரை கண்ணால் பழகிக்கொண்டிருந்தேன். மூன்று பிரேம் இடைவெளியைக் கண் பிடிக்கவே பிடிக்காது, காது பிடித்துவிடுகிறது. அன்று டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தேன். குதிக்கும் ஒய் பட்டனின் மெல்லிய ‘டிக்’, எல்லின் தடித்த ‘டக்’. மீண்டும் ஏணி: பவுசரில் நன்றாக விலகிய டிக்... டக். லிங்கில் கொஞ்சம் நெருக்கம். ஃபாக்ஸுக்கு வரும்போது இரண்டும் ஒட்டிக்கொள்கிறது, ஆனால் இரண்டுதான். ஒரே சத்தமாகக் கேட்டால் அது தப்பு, திரையைப் பார்க்கவே வேண்டாம்.

இவ்வளவு ஆன பிறகும் ஃபாக்ஸின் வேவ்டேஷ் மூன்றுக்கு ஒன்று செத்தது. காது சரி என்கிறது, திரை இல்லை என்கிறது. பதினோரு நாள் என் கையைத் திட்டிக்கொண்டே பழகினேன். ஒரு நாள் கன்ட்ரோலரைக் கட்டிலில் எறிந்தேன் (போர்வை மேல்தான்).

எல்லில் பழுதோ என்று முதலிலேயே சந்தேகப்பட்டுச் சோதித்துப் பார்த்திருந்தேன். தரையில் நின்று எல் பட்டனை அழுத்தினால் கேடயக் குமிழி ஒழுங்காக வந்தது. எனவே பட்டன் நல்லது, கைதான் கெட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். கேம்கியூபின் எல் என்பது ஒரு பட்டன் இல்லை, இரண்டு. மேலிருந்து கீழே போகும் வழியெல்லாம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் ஒரு பொட்டென்சியோமீட்டர், அடியில் போய் முட்டும்போது தொடும் தனிச் சொடுக்கு. கேடயத்துக்கு அந்த மேல் பாதி அமுக்கமே போதும். காற்றில் விலகுவதற்கு அடிச்சொடுக்கு விழுந்தே ஆக வேண்டும். அன்றிரவு சும்மா எல்லுக்குப் பதில் ஆர் பட்டனில் செய்து பார்த்தேன். பத்துக்குப் பத்து சறுக்கியது. பதினோரு நாள்!

திறக்கலாம் என்றால் திருகாணி மூன்று இறக்கை வடிவம். கடையில் இருந்த பிட்டுகள் போனுக்கானவை, எல்லாம் சிறிசு. பழைய பால்பாயின்ட் பேனாவின் பின்முனையை மெழுகுவர்த்தியில் காட்டி இளக்கி, திருகாணித் தலையில் வைத்து அழுத்தி ஒரு நிமிடம் ஆறவிட்டேன். பிளாஸ்டிக் அந்த வடிவத்தை வாங்கிக்கொண்டது. ஆறு திருகாணியும் அதிலேயே வந்தன, நடுவில் ஒரு தடவை முனையை மறுபடி இளக்கினேன்.

உள்ளே எல் சொடுக்குக்குக் கீழே இருந்த தொடுபரப்பில் பச்சையாகக் களிம்பு. மலையில் பொருள் வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. மழைக்காலத்தில் பெல்ட், செருப்பு, கேமரா லென்ஸ் எல்லாம் பூக்கும். பருத்திக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு நான்கு தடவை துடைத்தேன். மேலே இருக்கும் கரி பூசிய ரப்பரை மட்டும் ஆல்கஹால் போடாமல் காய்ந்த துணியால் ஒற்றினேன், அழுத்தித் தேய்த்தால் கரி போய்விடும். மூடும்போது குச்சி லேசாக இடப்பக்கம் இழுத்தது. அதற்குத் திறக்க வேண்டியதில்லை. குச்சியைத் தொடாமல் எக்ஸ், ஒய், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து மூன்று விநாடி பிடித்தால் அப்போது இருக்கும் நிலையையே நடு என்று எடுத்துக்கொள்ளும். இப்போது கன்ட்ரோலர் இரவில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் தூங்குகிறது, கூடவே துணியில் முடிந்த ஒரு பிடி வறுத்த அரிசி.

மார்கழிக் குளிரில் புதுப் பிரச்சினை. கடை முடித்து ஆறரை மணி பஸ்ஸில் வந்து இறங்கி, அப்படியே உட்கார்ந்தால் விரல் மரக்கட்டை. கணக்கெடுத்தேன்: வந்த உடனே ஃபாக்ஸ் பாதித் தாவல் ஐம்பதில் பத்தொன்பது. ஒரு டம்ளர் சூடான டீயைப் பத்து நிமிடம் கையில் பிடித்து உருட்டிய பிறகு முப்பத்தொன்று. அதற்கப்புறம் குளிர்ந்த கையோடு எடுத்த எந்தக் கணக்கையும் நோட்டில் எழுதுவதில்லை. கைக்கு முதலில் டீ, பிறகு வாய்க்கு.

எல்-கேன்சல் இந்த நேரத்தில்தான். காற்றில் அடித்துக்கொண்டே தரையில் இறங்கினால் ஆள் சிறிது நேரம் உறைந்து நிற்பான். தரை தொடுவதற்கு முந்திய 7 பிரேமுக்குள் எல் பட்டனை அழுத்தினால் அந்த உறைவு பாதியாகும். ஃபாக்ஸ் பின்பக்கம் உதைத்து இறங்கினால் 20 பிரேம், சரியாக அழுத்தினால் 10. இதற்குச் சொடுக்கு தேவையில்லை, லேசாக அமுக்கினாலே போதும். எல் பழுதாக இருந்தபோதும் இது மட்டும் வேலை செய்தது, நான் அதைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் கஷ்டம் என்னவென்றால், சரியாக வந்ததா இல்லையா என்று ஆட்டம் எதுவும் சொல்லாது. கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்கு அன்கிள்பஞ்ச் என்ற புனைபெயர்க்காரர் செய்த பயிற்சி மோட் இருக்கிறது, அது பிரேம் கணக்கையே காட்டிவிடும். எனக்கு போன் கேமரா. மெதுவோட்டப் பதிவில் விநாடிக்கு 120 படம், அதாவது ஆட்டத்தின் ஒரு பிரேமுக்கு இரண்டு படம். நான்கு புத்தகத்தை அடுக்கி அதன் மேல் போனைச் சாய்த்து, பின்னுதையை இருபது தடவை பதிந்து, பிறகு விரலால் ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணினேன். கால் தரை தொட்டதிலிருந்து அடுத்த அசைவு வரை நாற்பது படம் என்றால் தவறு, இருபது என்றால் சரி. பொட்டி டிவியைப் படம் பிடித்தால் திரையில் கறுப்புப் பட்டை ஓடும், முதலில் தலை சுற்றும், பிறகு பழகிவிடும். முதல் இருபதில் நான் சரி என்று நினைத்தவை பதினாறு. போன் சொன்னது ஒன்பது. ஒரு மணி நேரம் எண்ணி இருபது தடவைக்கு விடை. கண் எரியும் வேலை, ஆனால் பொய் சொல்லாத வேலை.

மார்கழி கடைசியில் இருபதுக்குப் பதினேழு. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்து லைன் பையன் வந்தான். எட்டாம் வகுப்பு. ஜன்னலில் நின்று அகல் விளக்கையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தான். “அண்ணே, இன்னொரு ஜாய்ஸ்டிக் இருக்கா?”

இருந்தது. அவன் பிக்காச்சுவை எடுத்தான், பேர் தெரிந்த ஒரே முகம் அதுதான். ஒரு நிமிடத்தில் கீழ்க்குச்சியும் பி பட்டனும் சேர்த்தால் வானத்திலிருந்து இடி இறங்கும் என்று கண்டுபிடித்தான். அதோடு அவன் ஆராய்ச்சி முடிந்தது. அந்த மாலை முழுக்க இடிதான். நான் சறுக்கி உள்ளே போனால் இடி. சறுக்கி வெளியே வந்தால் இடி. வெளியே நிஜமாகவே இடி இடிக்க, “டிவிய அணைங்கடா” என்று அம்மா கத்தும்போது எது எந்த இடி என்றே தெரியவில்லை. முதல் இரண்டு ஆட்டமும் தோற்றேன். மூன்று மாதப் பயிற்சி, நோட்டில் பதினாறு பக்கம், ஒரு பட்டன் தெரிந்த பையனிடம்.

வெட்கம் கொஞ்சம் அடங்கிய பிறகு உட்கார்ந்து யோசித்தேன். இடி கூட முக்கியமில்லை. அவனை நான் அடித்த பிறகும் என் எல்-கேன்சல் ஒன்றுகூட வரவில்லை, அங்கேதான் அவனுக்கு நேரம் கிடைத்தது. இத்தனை நாள் நான் உதைத்ததெல்லாம் வெறும் காற்றை. உதை ஒரு உடம்பில் பட்டால், அடித்தவனும் பட்டவனும் சில பிரேம் அப்படியே உறைவார்கள். அடியின் பலத்தைப் பொறுத்தது அது. ஃபாக்ஸின் 12 சதவீத உதை ஒன்றுக்கு 7 பிரேம். அத்தனை பிரேம் தரை எனக்குப் பிந்தி வருகிறது. என் விரலோ காற்றில் பழகிய தாளத்தில் முன்னாலேயே எல் பட்டனை அழுத்திவிட்டுச் சும்மா இருக்கிறது. அப்பா காதில் விழுந்திருந்தால் அதே வசனத்தைத்தான் திரும்பச் சொல்லியிருப்பார்.

மறுநாள் முதல் முறையை மாற்றினேன். பயிற்சி அறையில் எதிராளியை அசையாமல் நிற்கவைத்து, ஒரு உதை அவன் மேல், அடுத்தது வேண்டுமென்றே தள்ளி, மறுபடி மேல். பட்டதா படவில்லையா என்று பார்த்த பிறகு விரல் முடிவெடுக்க வேண்டும். இருபதுக்குப் பதினேழாக இருந்தது ஆறாக விழுந்தது. படும்போது வரும் ‘டப்’ சத்தத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டால் ஒரு மூச்சு பொறுத்து எல், கேட்காவிட்டால் பழைய தாளம். மேலே டிவி சத்தத்தைக் குறைத்துப் பழகச் சொன்னேன் இல்லையா, இந்தப் பயிற்சிக்கு அது ஆகாது, கூட்டி வையுங்கள். தை பாதியில் இருபதுக்குப் பதின்மூன்று. போன் எண்ணிக்கைதான், என் எண்ணிக்கை இல்லை.

பையன் இப்போது வாரத்தில் மூன்று மாலை வருகிறான். வழியில் கரடி நடமாட்டம் இருப்பதால் ஏழரைக்கு நானே டார்ச்சோடு கொண்டுபோய் விட வேண்டும். கணக்கு சமமாக இருக்கிறது. அவனும் சும்மா இல்லை, இடியைப் பாதித் தாவலில் விடக் கற்றுக்கொண்டிருக்கிறான். யாரும் சொல்லித் தரவில்லை. பிக்காச்சுவின் குனிவும் 3 பிரேம்தான். ஏணி, அவரை விதை எதுவும் இல்லாமல் எப்படி வந்தது என்று கேட்டால் “சும்மா வருதுண்ணே” என்கிறான்.

மெமரி கார்டு இன்னும் கிடைக்கவில்லை. போன வாரம் காற்றில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல், திறந்து வைத்திருந்த லூயிஜி மறுபடி போய்விட்டான். தினமும் விளக்கேற்றித்தான் துவக்கம். நல்லெண்ணெய் விற்கிற விலையில் இது அடுக்காது என்று அம்மா ஞாயிற்றுக்கிழமை தீர்மானமாகச் சொல்லிவிட்டார், பையனும் அப்போது திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தான்.

நேற்று அவன் வந்தபோது சட்டைப் பையில் இரண்டு மெழுகுவர்த்தி இருந்தது.